வெறுங்கத்தரி

எங்கள் ஊரில் தச்சு வேலை படுத்துப்போன வருஷம் ஒன்று உண்டு. புது வீடு கட்டியவர்கள்கூடக் கதவு வைக்கவில்லை. நிலைச்சட்டத்தை மட்டும் நிறுத்தி, மாலை போட்டு, திரைச்சீலை தொங்கவிட்டார்கள். தச்சர் குப்புராசு வாங்கி வைத்திருந்த கதவுப் பலகைகளில் ஆட்டுப்பட்டி அடித்துக் கொடுத்துப் பிழைத்தார். பக்கத்து மாவட்டத்திலிருந்து தொழிலுக்கு வந்த திருடன் ஒருவன், தெரு முழுக்கத் திறந்து கிடப்பதைப் பார்த்து, இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று பயந்து நேராகக் காவல் நிலையத்துக்கே போய் விசாரித்தான். அங்கேயும் கதவு இல்லை. ஏட்டய்யாவின் மகள் ஒன்பதாம் வகுப்பு.

எல்லாம் ஒரு தொப்பியால் வந்தது.

நான் அப்போது அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். என் பீரியடில் எப்போதும் கணக்கு வாத்தியார் வந்து உட்கார்ந்துகொள்வார். ஆகவே வேறு யாருக்கும் வேண்டாத வேலைகள் எனக்கு வரும். குடிதண்ணீர்த் தொட்டி, வகுப்பில் நுழையும் பாம்பு, போதைத் தடுப்பு விழிப்புணர்வு.

பனியன் கம்பெனிகள் நிறைந்த ஊர். தைப்பதையெல்லாம் இயந்திரக் கைகள் எடுத்துக்கொண்ட பிறகு, தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிற வேலை மட்டும் மனிதருக்கு மிஞ்சியிருந்தது. பிசிறு வெட்டுதல் என்பார்கள். வேலை போன பையன்கள் போதைக்கு வலி மாத்திரையைத் தேடிப் போனார்கள். மாத்திரை பள்ளிக்கூட மதில் வரைக்கும் வந்தது.

என் விழிப்புணர்வு வகுப்பு மிக மோசமானது. மண்டையோடு போட்ட படம் ஒன்றைக் காட்டுவேன். கையை நீட்டி உறுதிமொழி எடுக்கச் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் ஒன்றிரண்டு பொய் சொல்வேன், மாத்திரை போட்டவனுக்கு வால் முளைத்த கதை மாதிரி. ஆனால் மணி அடித்த பிறகு ஒன்றிரண்டு பேர் ஷூ லேஸ் கட்டக் குனிவார்கள். செருப்புப் போட்ட பிள்ளைகள்கூட லேஸ் கட்டக் குனிவார்கள். குனிந்தபடியே சொல்வார்கள்: "சார், எங்கண்ணன் ஏதோ போடறானுங்க." அல்லது, "சார், ஒரே ஒரு தடவைதானுங்க." எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததற்கு ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் கூட்டிப்போவேன். அவ்வளவுதான்.

அரசுக்கு இது போதவில்லை. குறை சொல்ல முடியாது, எனக்கே போதவில்லை. தாராளமாக நிதி ஒதுக்கி ‘அனுபவப் பாடம்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். எங்கள் பள்ளி ஒன்பதாம் வகுப்புதான் முதல் சோதனை.

திட்ட அலுவலர் ஆனந்தவேல் நல்ல மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார். மேசைமேல் ஒரு தொப்பியை வைத்தார். மழைக்காலத்தில் தலையில் போடும் பிளாஸ்டிக் உறை மாதிரி இருந்தது.

"இதைப் போட்டுக்கிட்டா பசங்களுக்கு என்னங்க தெரியும்?" என்றேன்.

"தெரியறது இல்லீங்க சார், நடக்கும். போதைக்கு அடிமையாகி மீண்ட ஒருத்தரோட வாழ்க்கையில ரொம்ப மோசமான ஒரு மணி நேரம். அந்த வலி, அந்தப் பயம், அந்த அவமானம், எல்லாம் அப்படியே. ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் மாத்திரையைத் தொட மாட்டாங்க."

"நானும் போட்டுப் பாக்கட்டுங்களா?"

"ஐம்பது தாண்டின மண்டையில ஏறாதுங்க சார். உள்ள ஏற்கெனவே ரொம்ப அடைசல்."

தலைமையாசிரியர் இதை ரசித்துச் சிரித்தார். அவருக்கு ஐம்பத்தாறு.

"அந்த ஒருத்தர் யாருங்க?"

"உங்க ஊர்க்காரர்தான். நவநீதன்."

நவநீதனை எனக்குத் தெரியும். என்னிடம் படித்தவன். குண்டு எறிவான். பெரும்பாலும் அவன் காலிலேயே விழும். பிசிறு வெட்டும் துளசிமணியின் ஒரே பையன். மூன்று வருஷம் மாத்திரையில் கிடந்து, ஒருநாள் காலையில் யாரும் சொல்லாமல் தானே நடந்து மறுவாழ்வு மையத்தில் போய்ச் சேர்ந்தவன்.

"அவனுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

"ஆகாதுங்க. ஆனா ஒண்ணு, இந்தக் கருவி நகல் எடுக்காது. பல்லுப் புடுங்கற மாதிரி. வேரோட வெளிய வந்துடும். வந்ததை வெச்சு லட்சம் அச்சு வார்க்கலாம். அவருக்கு மட்டும் அந்த ஒரு மணி நேரம் இருக்காது. கெட்ட நினைவுதானே சார், போனா நல்லதுதானே?"

எனக்கும் அப்போது நல்லதாகத்தான் பட்டது.

"சோதனை முடிஞ்ச குழந்தைக்கு அடையாளம்?" என்று தலைமையாசிரியர் கேட்டார்.

"போலியோ சொட்டு மருந்துக்கு வெக்கற மாதிரிதாங்க ஐயா. இடது சுண்டு விரல்ல மை. இது ஒரு வருஷம் அழியாது."

முகாம் நடந்த அன்று நான் ஊரில் இல்லை. வட்டார கோகோ போட்டிக்குப் பெண்கள் அணியைக் கூட்டிப்போயிருந்தேன். அணியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தன்ஷிகா ஒருத்திதான், மற்றவர்கள் பெரிய வகுப்பு. முதல் சுற்றிலேயே தோற்றோம். எதிரணிப் பிள்ளைகளுக்கு எட்டெட்டுக் கால்கள் இருந்தன என்று தலைமையாசிரியரிடம் அறிக்கை கொடுத்தேன். நாங்கள் திரும்பி வருவதற்குள் ஒன்பதாம் வகுப்புக்கான முகாம் முடிந்து, ஆனந்தவேல் தொப்பிகளை மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த பள்ளிக்குப் போய்விட்டார்.

மறுநாள் வகுப்பறையில் கதவைச் சாத்தினேன். பிள்ளைகள் மொத்தமும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"என்னடா ஆச்சு?"

முன்பெஞ்சில் தருண் என்ற பையன் சொன்னான். "கதவைத் தட்டுனேன் சார். ரொம்ப நேரம் தட்டுனேன். உடம்பெல்லாம் எலும்பைத் திருகற மாதிரி இருந்துச்சு. அம்மா தெறக்கவே இல்ல."

"உங்கம்மாவா?"

"இல்லீங்க சார். ஆனா அம்மாதான்."

எல்லோரும் ‘நான்’ என்றே சொன்னார்கள். நான் தட்டினேன், நான் வாசலில் வாந்தி எடுத்தேன், நான் போய்விட்டேன். திட்டக் குழு பார்த்துத் தேர்ந்தெடுத்த ஒரு மணி நேரம் அதுதான். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, ரத்தம் இல்லை. ஒரு நீலக் கதவு, திறக்காத கதவு. அரசின் பார்வையில் மிகவும் கண்ணியமான காட்சி.

திட்டம் பெரிய வெற்றி. மாநிலம் முழுக்கப் போனது. மதிலோரம் மாத்திரை விற்றவன் பட்டாணிக்கடை போட்டான். மூடிய கதவைப் பிள்ளைகளால் தாங்க முடியவில்லை; கதவுகள் கதை உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

சொல்லாதது ஒன்று உண்டு. என் வகுப்பு முடிந்த பிறகு எவரும் லேஸ் கட்டக் குனியவில்லை. மாதக்கணக்கில் ஒருவர்கூட என்னிடம் எதுவும் சொல்லவில்லை. புகார் எதுவும் இல்லை என்று மேலே எழுதி அனுப்பினோம். மேலே மகிழ்ந்தார்கள். பிறகு ஒருநாள் தருணைச் சாயப்பட்டறைக்குப் பின்னால், வாயில் நுரையோடு கண்டுபிடித்தார்கள். சுண்டு விரலில் மை பளிச்சென்று இருந்தது. பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் காதருகே குனிந்து கேட்டேன்.

"வீட்டுல சொல்லியிருக்கலாமேடா. எங்கிட்டயாவது?"

"சொன்னா தெறக்க மாட்டாங்க சார்," என்றான்.

பிள்ளைகள் பாடத்தை நன்றாகத்தான் படித்திருந்தார்கள். நாம் நினைத்த பாடம் அது இல்லை.

இனி நவநீதன். அவனுக்கு மேடையில் சால்வை போட்டார்கள். வீட்டுக்கு வந்தான். நீலக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். துளசிமணி அவனுக்குச் சோறு போட்டுவிட்டுக் கேட்டிருக்கிறாள், "அன்னிக்கு நான் தெறக்கலைன்னு உனக்கு வருத்தமா கண்ணு?"

"என்னிக்கும்மா?"

"நீ வந்து தட்டுனயே. பொழுது சாயற வரைக்கும்."

"நான் எப்பம்மா தட்டுனேன்?" என்றானாம், சிரித்துக்கொண்டே, மோர் ஊற்றிக்கொண்டு.

அந்த ஒரு மணி நேரம்தான் அவனை மறுவாழ்வு மையத்துக்கு நடத்திக் கூட்டிப்போனது. அதுதான் அவனைப் பிடித்து நிறுத்தியிருந்த ஆணி. அதைத்தான் பிடுங்கிக் கொடுத்திருந்தான். மாநிலத்தில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரிடமும் அவனுடைய பயம் இருந்தது. அவனிடம் மட்டும் இல்லை. பழைய சிநேகிதர்களைப் பார்த்தபோது, பயப்பட ஒரு காரணமும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஐப்பசி மழையில் அவர்களோடு போனவன் கார்த்திகையில் செத்துப்போனான். சால்வையைத்தான் மேலே போர்த்தினார்கள். புதுசாக இருந்தது.

காரியம் முடிந்த பிறகு துளசிமணி பள்ளி வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தாள். சுண்டு விரலில் மை உள்ள பிள்ளையாகப் பார்த்து நிறுத்துவாள். "கண்ணு, நீ கதவத் தட்டுனப்ப உள்ளாற ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?"

பிள்ளைகள் யோசித்துவிட்டு ஒரே பதிலைச் சொல்வார்கள். "இல்லீங்கம்மா. சத்தமே இல்ல. உள்ள யாரும் இல்லாத மாதிரி இருந்துச்சு."

ஒவ்வொரு முறையும் அவள் தலையாட்டிவிட்டு அடுத்த பிள்ளைக்காக நிற்பாள்.

நான் அவளைக் கூப்பிட்டு மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்தேன். "எதுக்குங்கம்மா இது?"

"நான் உள்ளதானுங்க சார் இருந்தேன்," என்றாள். "கவுன்சிலிங்ல சொன்னாங்க, தெறந்தா திருந்த மாட்டான், எரக்கம் காட்டாதீங்கன்னு. நானும் கதவுக்கு ஒட்டி உக்காந்து கத்தரியில வெட்டிட்டே இருந்தனுங்க. காதுல உழுவாத மாதிரி. அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கோணும். பெத்தவ பனியனுக்குப் பிசிறு வெட்டிட்டு உக்காந்திருக்கா, நம்மளக் கண்டுக்கலைன்னு நெனச்சிருப்பானோன்னு..." நிறுத்திவிட்டாள். பிறகு, "புள்ளைக என்னடான்னா சத்தமே இல்லங்குது. அப்ப நான் உள்ள இருந்ததே அவனுக்குத் தெரியலையா? இதுல எது மோசம்னு எனக்குத் தெரியலீங்க. எதுனாலும் சரி, தெரிஞ்சாப் போதும். அவனக் கேட்டா தெரியாதுன்னுட்டான். இப்ப கேக்கவும் ஆளில்ல."

அவள் கேள்விக்கான பதில் மாநிலத்திலுள்ள லட்சம் தலைகளில் இருந்தது, எதிலும் இல்லாமலும் இருந்தது. கேட்டுச் சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு ஆனந்தவேலுக்குப் போன் போட்டேன்.

"கத்தரிச் சத்தமா?" என்றார். "இருந்துச்சுங்க சார். டிக் டிக்னு ஒண்ணு. சுத்தம் பண்ணிட்டோம்."

"ஏனுங்க?"

"டெண்டர் நிபந்தனைங்க. பின்னணி இரைச்சல் இருக்கக்கூடாது. முன்னால ஒரு விழிப்புணர்வுப் படத்துல பின்னாடி டீக்கடைப் பாட்டு கேட்டுச்சுன்னு தணிக்கையில பெரிய பிரச்சினையாயிருச்சு. அதிலிருந்து எல்லாத்தையும் துடைச்சிருவோம்."

"துடைக்கறதுக்கு முன்னால இருந்தது?"

"அதுதான் துடைச்சாச்சேங்க சார்," என்றார், எனக்கு வயதாகிவிட்டதை நினைத்து இரக்கத்தோடு. "பாக்கி ஒண்ணு சொல்லோணும். உங்க பள்ளியில நூத்துக்கு நூறு காட்டலை. திங்கட்கிழமை விடுபட்டோர் முகாம் போடறோம். விரல்ல மை இல்லாத குழந்தை ஒண்ணு இருந்தாலும் புடிச்சு உக்கார வெச்சிருங்க."

மை இல்லாத குழந்தை ஒன்றுதான் இருந்தது. தன்ஷிகா அந்த வருஷம் முழுக்க வகுப்பறைக் கதவைச் சாத்தச் சொன்னால் சாத்துகிற ஒரே பிள்ளை. கடைசி மணி அடித்தால் துள்ளிக்கொண்டு போகிற ஒரே பிள்ளையும் அவள்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் துளசிமணி வீட்டுக்குப் போனேன். பதில் அழிந்துபோய்விட்டது என்று அவளிடம் சொல்லியாக வேண்டும். வாழ்நாள் முழுக்கப் புளுகியவனுக்கு ஓர் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. தெருமுனையில் தன்ஷிகா தலையில் பனியன் மூட்டையோடு வந்துகொண்டிருந்தாள். அவள் அம்மாவும் பிசிறு வெட்டுபவள்தான். கம்பெனி வேன் எல்லா மூட்டைகளையும் தெருமுனையிலேயே இறக்கிவிடும், இந்தப் பிள்ளை வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போடும்.

"எங்க சார் இந்தப் பக்கம்? எட்டுக் காலு புள்ளைகளத் தேடியா?"

"வாய மூடிட்டு நட." பிறகு என்னையும் அறியாமல் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். துளசிமணி கேட்பதை, ஆனந்தவேல் துடைத்த டிக் டிக் சத்தத்தை. அவள் மூட்டையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

ஊரில் அப்போதும் மூடியிருந்த கதவு அந்த நீலக் கதவு ஒன்றுதான். தட்டினேன். துளசிமணி திறந்தாள். உள்ளே பனியன்கள் மலைபோல் குவிந்திருந்தன. தன்ஷிகா மூட்டையை இறக்கி வைத்தாள்.

"போன் போட்டீங்களா சார்?" என்றாள் துளசிமணி. "என்ன சொன்னாங்க?"

நான் தொண்டையைச் செருமினேன். மறுபடி செருமினேன்.

"எனக்குக் கேட்டுச்சுங்கம்மா," என்றாள் தன்ஷிகா.

துளசிமணி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் தட்டுனப்ப. உள்ள கத்தரிச் சத்தம் கேட்டுச்சு. மத்த பசங்களுக்குக் கவனிக்கத் தெரியல. அவனுங்க வீட்டுல யாரும் பிசிறு வெட்டறதில்ல."

"கேட்டுச்சா?" துளசிமணியின் குரல் எங்கேயோ இருந்து வந்தது. "கேட்டு என்ன நெனச்ச? இவ பாட்டுக்கு வேலை பாக்கறாளேன்னு நெனச்சயா?"

"இல்லீங்க." பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "துணியில வெட்டுனா சத்தம் மொத்தமா இருக்கும். சரக்குன்னு. இது அப்படி இல்ல. டிக் டிக்னு காஞ்ச சத்தம். அது வெறுங்கத்தரி. கையில துணியே இல்ல. சின்னதுலேர்ந்து அந்தச் சத்தத்துலதான் தூங்கிருக்கேன், எனக்குத் தெரியாதா? அம்மா அழுதுட்டே காத்த வெட்டிட்டு இருக்காங்கன்னு நெனச்சேன். கதவுக்கு அந்தப் பக்கம் முதுகு சாஞ்சு உக்காந்திருக்காங்கன்னு நானும் சாஞ்சு உக்காந்தேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துட்டுத்தான் எந்திரிச்சுப் போனேன்."

துளசிமணி குவியலோரம் உட்கார்ந்தாள். அவள் கையில் அன்று துணி இல்லை என்பதை என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. அது அவளுக்கும் அந்தக் கத்தரிக்கும் மட்டும் தெரிந்தது. இப்போது என் கண்ணெதிரே அவள் முகம், பல மாதமாக இறுக்கிப் பிடித்திருந்த எதையோ விட்டது.

தொப்பி ஊருக்கு வந்த அன்று இந்தப் பிள்ளை என்னோடு வட்டாரப் போட்டியில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டிருந்தாள். எட்டுக் கால்கள் வரைக்கும்தான் என் பொய் போகும். இவ்வளவு தூரம் ஒரு பொய் சொல்ல என்னால் ஆகாது. அதில் பாதி உண்மை என்பது இன்னும் பெரிய சங்கதி.

"இங்க வா சாமி," என்று துளசிமணி பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து மடியருகே உட்கார வைத்தாள். அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு மெல்ல விரித்துப் பார்த்தாள். இடது கை. சுண்டு விரல். ஒரு வருஷம் அழியாத மை எதுவும் அதில் இல்லை.

வெகுநேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்ஷிகா கையை இழுக்கப் பார்த்தாள், விடவில்லை. நான் பனியன் குவியலைப் பார்த்தேன்.

"திங்கக்கெழம முகாமுன்னு மைக்குல சொல்லிட்டுப் போனாங்களே," என்றாள் துளசிமணி, என்னைப் பார்க்காமல்.

"ஆமாங்க. விடுபட்டவங்களுக்கு."

"எல்லாரும் போட்டாகோணுமுங்களா?"

"விரல்ல மை இல்லாதவங்க மட்டும்."

துளசிமணி குவியலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். டேமேஜ் பீஸில் புள்ளி வைக்கிற மை பேனாவை எடுத்தாள். எத்தனை சலவைக்கும் போகாத மை அது. மூடியைப் பல்லால் கடித்து இழுத்தாள். பிள்ளையின் சுண்டு விரலை நிமிர்த்தி, நகமும் சதையும் சேருகிற இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். சரியாக இல்லை என்று தோன்றியதோ என்னவோ, மேலே இன்னும் கொஞ்சம் தீட்டினாள். வாயைக் குவித்து ஊதிக் காயவைத்தாள்.

"அது எம் மவனோடது," என்றாள். "உனக்கு வேண்டாம்."

திங்கட்கிழமை ஆனந்தவேல் தொப்பியோடு வந்தார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கையை நீட்டச் சொன்னார். தன்ஷிகாவின் விரலருகே கொஞ்சம் நின்றார். "இந்த மை கொஞ்சம் கருப்பா இருக்கே?" என்றார்.

"கோகோ ஆடற பிள்ளைங்க. மண்ணுல வேகமா ஓடினா மை கருத்துப்போயிடும்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். விடுபட்டோர் எவருமில்லை, நூற்றுக்கு நூறு என்று எழுதிக்கொண்டார். எங்கள் பள்ளிக்குக் கேடயம் கொடுத்தார்கள். தலைமையாசிரியர் அறையில் இன்னும் இருக்கிறது.

துளசிமணி அதன்பிறகு பள்ளி வாசலுக்கு வரவில்லை. சாயங்காலங்களில் அந்தப் பக்கம் நடந்து போவேன். நீலக் கதவு மூடியே இருக்கும். உள்ளிருந்து கத்தரிச் சத்தம் வரும். நின்று கேட்பேன். துணியில் வெட்டுகிறாளா, வெறுங்கத்தரியா என்று இந்தக் காதுக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.